வண்டி ஓட்டியவர் நீங்கள், விபத்து நடந்துவிட்டது: சட்டப்படி செய்ய வேண்டியவை

என் அப்பா நாமக்கல்லில் லாரி ஓட்டினார். ஒரு மார்கழி விடியற்காலையில், சேலம் ரோட்டில், பால் கேனோடு குறுக்கே திரும்பிய டி.வி.எஸ். எக்ஸ்எல் ஒன்று அவருடைய லாரியின் இடது முன்பக்கத்தில் மோதியது. ஓட்டி வந்தவருக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. கேன் உருண்டு தார் ரோடெல்லாம் பால். எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து ஓடி வந்தார்கள். கிளீனர் பையன், "அண்ணா, இறங்காதீங்க, எடுத்துட்டுப் போயிருவோம்" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான். அப்பா இறங்கினார். இரண்டு அடி விழுந்தது. மூன்றாவது விழுவதற்குள் ஒரு பெரியவர் நடுவில் புகுந்து, "நீ மொதல்ல ஸ்டேஷனுக்குப் போ சாமி, இவரை நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லி யாரோ ஒருவருடைய பைக்கில் ஏற்றிவிட்டார். இருபது நிமிடத்தில் அப்பா ஸ்டேஷனில் இருந்தார். அந்த இருபது நிமிடம்தான் பிற்பாடு கோர்ட்டில் அவர் பக்கம் நின்றது.

நான் இப்போது விபத்து வழக்குகள் நடத்தும் வக்கீல். என்னிடம் வரும் ஓட்டுநர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் அல்ல, பயந்தவர்கள். அந்தப் பயத்தில் முதல் அரை மணி நேரத்தில் செய்ததை மூன்று வருடம் சுமக்கிறார்கள். இந்தியச் சட்டம் அந்த நேரத்தில் உங்களிடம் என்ன கேட்கிறது, எவ்வளவுதான் கேட்கிறது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். கார், லாரிக்கு மட்டும் இல்லை. ஸ்கூட்டி ஓட்டும் கல்லூரி மாணவிக்கும் இதே சட்டம்தான்.

முதலில்: நிறுத்துங்கள்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 132, 133, 134 ஆகிய மூன்று பிரிவுகளில்தான் விஷயம் முழுக்க இருக்கிறது. விபத்தில் சிக்கிய வண்டியை நிறுத்தி, தேவைப்படும் நியாயமான நேரம் வரை அங்கேயே வைத்திருக்க வேண்டும். அது 24 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. பாதிக்கப்பட்டவர் தன் பெயர், முகவரியைச் சொல்லி உங்களுடையதைக் கேட்டால், உங்கள் பெயர், முகவரியையும் வண்டி உரிமையாளருடையதையும் தர வேண்டும்.

மனிதர் மீது மோதினால் மட்டும் என்று நினைக்காதீர்கள். வேறொரு வண்டி, ஒரு வீட்டுச் சுவர், ஒரு மாடு, எதுவானாலும் பொருந்தும். 132-ஆம் பிரிவு ‘விலங்கு’ என்பதற்குப் பட்டியலே தருகிறது: குதிரை, மாடு, யானை, ஒட்டகம், கழுதை, கோவேறு கழுதை, ஆடு. நாய் அதில் இல்லை. இல்லாவிட்டாலும் இறங்கிப் பார்ப்பதுதான் மனுஷத்தன்மை என்பது என் எண்ணம்.

நிறுத்தியதும் ஹசார்டு விளக்கைப் போடுங்கள். சிவப்பு முக்கோணப் பலகை டிக்கியில் இருந்தால் எடுத்துப் பின்னால் நல்ல தூரம் தள்ளி வையுங்கள். நான்குவழிச் சாலையில் முதல் மோதலில் தப்பித்தவர்கள் பின்னால் வந்த வண்டியில் அடிபட்ட கதை எங்கள் தொழிலில் அடிக்கடி வரும்.

வண்டியை நகர்த்துவதற்கு முன் போட்டோ எடுங்கள். இரண்டு வண்டியும் நின்ற நிலை, டயர் தடம், கண்ணாடிச் சில்லு விழுந்த இடம், சிக்னல், வேகத்தடை, கிலோமீட்டர் கல். நான்கு பக்கமும் எடுக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் அடிபட்டவர் தரையில் கிடக்கும்போது போன் கேமரா போட அல்ல, 108-க்கு அழைக்க.

அடிபட்டவருக்கு வைத்தியம்

134-ஆம் பிரிவின் முதல் கடமை இது. காயம்பட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க நியாயமான எல்லா முயற்சியும் எடுத்து, அருகிலுள்ள மருத்துவரிடமோ மருத்துவமனைக்கோ கொண்டு சேர்க்க வேண்டும். அவரோ, அவர் மைனராக இருந்தால் பாதுகாவலரோ, வேண்டாம் என்று சொன்னால் மட்டும் விலக்கு.

அந்தப் பிரிவிலேயே இன்னொரு விலக்கும் இருக்கிறது. கும்பலின் ஆத்திரத்தாலோ தன் கைமீறிய வேறு காரணத்தாலோ முடியாமல் போனால் தவிர, என்று சட்டமே சொல்கிறது. தர்ம அடிக்குப் பயந்து நீங்கள் அங்கிருந்து விலகினால் அந்த விலகல் தானாகவே குற்றமாகிவிடாது. எங்கே போகிறீர்கள் என்பதுதான் கேள்வி. வீட்டுக்கோ, ஓனர் வீட்டுக்கோ, அடுத்த மாவட்டத்துக்கோ போனால் ஓடிப்போனவர். நேராக ஸ்டேஷனுக்குப் போனால், சட்டம் சொன்னதைச் செய்தவர். போகும் வழியிலேயே 108-க்கும் 112-க்கும் பேசிவிடுங்கள். நேரத்தோடு அந்த அழைப்பு போனில் பதிவாகி நிற்கும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033.

கும்பல் இல்லை, நிலைமை கையில் இருக்கிறது என்றால் அங்கேயே இருங்கள். தலையிலோ கழுத்திலோ முதுகிலோ அடி என்ற சந்தேகம் இருந்தால் ஆம்புலன்ஸ் வரும்வரை ஆளைத் தூக்கி மடக்கிக் காருக்குள் திணிக்க வேண்டாம். ரத்தம் கொட்டும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். தண்ணீர் கொடுக்க நான்கு பேர் சொம்போடு வருவார்கள். மயக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்க விடாதீர்கள்.

தனியார் மருத்துவமனை பக்கத்தில் இருந்தால் அங்கேயே போங்கள். ‘போலீஸ் கேஸ், ஜி.ஹெச்.சுக்குக் கொண்டு போங்க’ என்று திருப்பி அனுப்ப அவர்களுக்கு உரிமை இல்லை. பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-லேயே இதைச் சொல்லிவிட்டது. சம்பிரதாயங்களுக்குக் காத்திராமல் டாக்டர் உடனே பார்க்க வேண்டும் என்று 134-ஆம் பிரிவும் சொல்கிறது. பணத்துக்கும் வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18-ல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் இலவசம். 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் ஏழு நாள் வரை, ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை ரொக்கம் இல்லாமல் சிகிச்சை உண்டு. ‘காசு யார் கட்டுவது’ என்று வாசலில் நின்று பேசி நேரத்தைக் கரைக்க வேண்டாம்.

மருத்துவமனையில் ஒரு காரியம். அங்கே ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் எப்படி அடிபட்டது என்று எழுதுவார்கள். நாங்கள் ஏ.ஆர். காப்பி என்று சொல்வது இதைத்தான். நீங்கள் கூட்டி வந்திருந்தால் இடம், நேரம், வண்டி எண் மூன்றையும் உள்ளபடி சொல்லுங்கள். ‘கீழே விழுந்துட்டார்’ என்று மழுப்பி எழுத வைத்தால், பின்னால் அந்த ஒரு வரி உங்களைப் பொய்யர் ஆக்கும். அடிபட்டவரின் இழப்பீட்டையும் அது கெடுக்கும்.

உதவிக்கு வந்த வழிப்போக்கர் பயந்து விலகினால் அவரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்: 2019-ல் சேர்த்த 134ஏ பிரிவின்படி, நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குப் பாயாது. சாட்சியாக இருக்க அவர் விரும்பாவிட்டால் பெயர், முகவரி சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

ஸ்டேஷனில்

போலீஸ் சம்பவ இடத்துக்கு வந்தால் அவர்கள் கேட்கும் தகவலைக் கொடுக்க வேண்டும். வராவிட்டால், அருகிலுள்ள ஸ்டேஷனில் கூடிய சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், நீங்களே போய்ச் சொல்ல வேண்டும். வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்ய முடியாமல் போயிருந்தால் அதற்கான காரணத்தையும் அப்போதே சொல்லியாக வேண்டும். ‘நாளைக்குப் போகலாம்’ என்பதற்கு இடம் கொடுக்காதீர்கள். 24 மணி நேரம் என்பது கடைசி எல்லை. ‘கூடிய சீக்கிரம்’ என்பதுதான் கடமை.

வாயால் சொன்னது நிற்காது. ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுங்கள். நான் கட்சிக்காரர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான்: பெயர், தந்தை பெயர், முகவரி, லைசென்ஸ் எண்; வண்டி எண், உரிமையாளர் பெயர்; தேதி, நேரம், இடம்; எந்தத் திசையில் வந்தீர்கள், எதிர்த் தரப்பு எங்கிருந்து வந்தது; அடிபட்டவரை எங்கே சேர்த்தீர்கள், முடியவில்லை என்றால் ஏன். பத்து வரி போதும். ‘என் மேல்தான் தப்பு’ என்றும் எழுத வேண்டாம், ‘முழுத் தப்பும் அவன் மேல்தான்’ என்றும் எழுத வேண்டாம். கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். யார் கவனக்குறைவு என்று தீர்மானிக்க விசாரணை இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 20(3) பிரிவின்படி, குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது. தகவல் தருவது கடமை, வாக்குமூலமாக ஒப்புக்கொள்வது கடமை இல்லை. வெற்றுத் தாளில் கையெழுத்து மட்டும் எந்தக் காரணத்துக்கும் போடாதீர்கள்.

கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். சி.எஸ்.ஆர். ரசீது என்று கேட்டால் தெரியும். என் அப்பாவிடம் இருந்தது ஒரு துண்டுச் சீட்டு. ‘காலை 5.50’ என்று நீல மையில் ஏட்டையா எழுதி, கீழே சுருக்கொப்பம் போட்டிருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் ‘இவர் வண்டியை விட்டுவிட்டு ஓடிப்போனவர்’ என்று வாதிட்டபோது எங்கள் வக்கீல் அந்தச் சீட்டைத்தான் எடுத்து நீட்டினார். அப்பா அதை ஆர்.சி. புத்தகத்தின் பிளாஸ்டிக் உறைக்குள் கடைசி வரை வைத்திருந்தார்.

குடித்திருக்கிறீர்களா என்று ஊதச் சொல்வார்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் 185-ஆம் பிரிவின்படி குற்றம். ஊத மறுத்தால் அந்த மறுப்பே உங்களுக்கு எதிராகப் பயன்படும். அதோடு, விபத்து முடிந்த பிறகு படபடப்பு அடங்க ஒரு வாய் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எப்போது குடித்தீர்கள் என்பதை மெஷின் பிரித்துச் சொல்லாது.

என்ன வழக்கு வரும்

2024 ஜூலை 1-லிருந்து இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பழைய 279 இப்போது 281: பொதுச் சாலையில் மூர்க்கமாகவோ கவனக்குறைவாகவோ ஓட்டியது, ஆறு மாதம் வரை. காயத்துக்கு 125; எலும்பு முறிவு போன்ற கொடுங்காயம் என்றால் மூன்று வருடம் வரை. உயிர் போனால், பழைய 304ஏ-க்குப் பதில் 106(1), ஐந்து வருடம் வரை. இவை எல்லாமே ஜாமீன் கிடைக்கக்கூடிய பிரிவுகள். ஜாமீன்தாரரோடு போனால் ஸ்டேஷனிலேயே ஜாமீன் பெறலாம். கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், உங்கள் ஆளுக்குத் தகவல் தர வேண்டும், வக்கீலைச் சந்திக்க விட வேண்டும். குடிபோதையில் ஓட்டி உயிரைப் பறித்தது போன்ற நிலையில் இதைவிடக் கடுமையான, ஜாமீன் எளிதில் கிடைக்காத பிரிவு போடப்படலாம்.

‘ஓடினால் பத்து வருஷம்’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது 106(2). போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ உடனே சொல்லாமல் ஓடிப்போய், அடிபட்டவர் இறந்தால் பத்து வருடம் வரை என்பது அதன் சாரம். 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் நாடு முழுக்க ஸ்டிரைக் செய்தது இதை எதிர்த்துத்தான். மற்றப் பிரிவுகள் அமலுக்கு வந்தபோது இதை மட்டும் மத்திய அரசு நிறுத்தி வைத்தது. அதனால் ஓடுவதற்குத் தண்டனை இல்லை என்று ஆகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஐ மீறினால் அதே சட்டத்தின் 187-ஆம் பிரிவின்படி முதல் முறை ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை ஒரு வருடம், 10,000 ரூபாய் வரை.

தண்டனையைவிட எனக்கு வலிப்பது வேறு. வண்டி அடையாளம் தெரிந்தால், இறந்தவரின் வயது, வருமானம், குடும்பத்தைக் கணக்கிட்டு இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீடு தரும். மூன்றாம் நபரின், அதாவது உங்கள் வண்டியால் பாதிக்கப்பட்ட வெளியாளின், உயிருக்கும் உடலுக்கும் அந்தக் கம்பெனியின் பாலிசியில் உச்சவரம்பு இல்லை. வண்டி தெரியாமல் போனால் அந்தக் குடும்பத்துக்கு அரசு நிதியிலிருந்து வருவது 2 லட்சம், கொடுங்காயம் என்றால் 50,000. ஓடுகிறவர் தன் பையிலிருந்து ஒரு பைசாவும் மிச்சம் பிடிப்பதில்லை. கம்பெனி கொடுத்திருக்க வேண்டிய பணத்தை ஒரு விதவையிடமிருந்து பிடுங்கிவிட்டுப் போகிறார்.

ஆள் மாற்றுவது

மகன் ஓட்டினான், டிரைவர் சரணடைந்தார். லைசென்ஸ் இல்லாத தம்பி ஓட்டினான், அண்ணன் பெயரை எழுதினார்கள். ‘எல்லாரும் செய்யறதுதான் சார்’ என்று என் எதிரே உட்கார்ந்து சொன்னவர்கள் பலர். 133-ஆம் பிரிவின்படி, ஓட்டியவர் யார் என்பதை உரிமையாளர் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். பொய்ப் பெயர் சொல்லிக் குற்றவாளியைக் காப்பாற்றுவது நியாய சன்ஹிதாவின் 238-ஆம் பிரிவில் தனிக் குற்றம். இன்றைக்கு டோல்கேட் கேமரா, டீக்கடை சிசிடிவி, போன் டவர் எல்லாம் இருக்கும்போது இது நிற்கவும் நிற்காது. கவனக்குறைவு என்ற, ஜாமீன் கிடைக்கும் வழக்கு, ஏமாற்று வழக்காக மாறும். இன்சூரன்ஸும் போகும். ஓட்டியது 18 வயது நிரம்பாத பிள்ளை என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அதை மறைக்க இன்னொரு பொய் சொல்வது அந்தப் பிள்ளைக்கும் நல்லதல்ல. உங்கள் முதலாளி ‘நீ ஏத்துக்கோ, நான் பாத்துக்கறேன்’ என்று சொன்னால், கைகூப்பி மறுத்துவிடுங்கள் அண்ணா. லைசென்ஸ் உங்கள் பிழைப்பு.

இன்சூரன்ஸுக்கு எழுத்தில்

சட்டம் கேட்கும் மூன்றாவது கடமை இது, அதிகம் பேர் விடுவதும் இதைத்தான். கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால் போதும் என்று நினைக்கிறார்கள். 134(சி) எழுத்தில் கேட்கிறது. ஓனர் பார்த்துக்கொள்வார் என்று ஓட்டுநரும், டிரைவர் சொல்லியிருப்பார் என்று ஓனரும் இருந்துவிடக் கூடாது. இந்தப் பிரிவில் ‘ஓட்டுநர்’ என்றால் உரிமையாளரும் சேர்த்தி. மாதிரி ஒன்று தருகிறேன், இமெயிலில் அனுப்பினாலும் சரி:

‘ஐயா, என் ……… எண் வண்டி, பாலிசி எண் ………, ……… முதல் ……… வரை நடப்பில் உள்ளது. ……… தேதி, ……… மணிக்கு, ……… என்ற இடத்தில் விபத்துக்குள்ளானது. இதில் காயமடைந்தவர் / இறந்தவர் விவரம்: ………. அப்போது வண்டியை ஓட்டியவர் ………, லைசென்ஸ் எண் ………, ……… வரை செல்லும். ……… காவல் நிலையத்தில் தகவல் தரப்பட்டுள்ளது.’

இவ்வளவுதான். உங்கள் வண்டிச் சேதத்துக்கும் கிளெய்ம் போடுவதாக இருந்தால் சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும் வரை ஒர்க்‌ஷாப்பில் கைவைக்க விடாதீர்கள். நீங்களே உரிமையாளராக ஓட்டி அடிபட்டிருந்தால் பாலிசியில் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள்.

‘இங்கேயே பேசி முடிச்சுக்கலாம்’

பம்பர் உரசியது, யாருக்கும் காயம் இல்லை, இருவருக்கும் சம்மதம் என்றால் பேசி முடிப்பது நடைமுறை. அப்போதும் இருவர் கையெழுத்தோடும் வண்டி எண்களோடும் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குக் காயம் என்றால் கதை வேறு. எழுந்து நடந்து போனவருக்கு மறுநாள் மூளையில் ரத்தக்கசிவு என்று ஸ்கேன் சொல்லும். நீங்கள் கையில் திணித்த 3,000 ரூபாய் அன்று ‘பணம் கொடுத்து மறைக்கப் பார்த்தார்’ என்று ஆகும். பணம் கொடுங்கள், வைத்தியச் செலவுக்கு உதவுங்கள், மருத்துவமனைக்குப் போய்ப் பாருங்கள், அது நல்ல மனசு. ஆனால் அது ஸ்டேஷனில் சொல்வதற்கு மாற்று ஆகாது.

அதற்குப் பிறகு வரும் நாட்கள்

போலீஸ் வண்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகும். மோட்டார் வாகன ஆய்வாளர், நம் ஊர் வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டர், வந்து பிரேக், ஸ்டியரிங், டயர் எல்லாம் பார்த்து ரிப்போர்ட் தருவார். இயந்திரக் கோளாறு காரணமா என்று அதில் வரும், ஆகவே பார்வையிடும்போது கூட இருங்கள். ஆய்வுக்காக எடுத்துப்போன வண்டியை, வேலை முடிந்ததும் 24 மணி நேரத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்று 136-ஆம் பிரிவு சொல்கிறது. இழுத்தடித்தால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போட்டு வாங்கலாம்.

டேஷ்கேம் இருந்தால் மெமரி கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். ஓடிக்கொண்டே இருந்தால் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். உங்களுக்குப் பாதகமாக இருந்தாலும் அழிக்காதீர்கள். தடயத்தை அழிப்பதும் குற்றம்.

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறை மாறியிருக்கிறது. விசாரணை அதிகாரி 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையை இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் அனுப்புவார். ஓட்டுநர் 30 நாளுக்குள் படிவம் 3-ஐ நிரப்பி அவரிடம் தர வேண்டும், உரிமையாளர் படிவம் 4-ஐ. முழு அறிக்கை 90 நாளில் தீர்ப்பாயத்துக்குப் போகும். படிவம் கேட்டு யாரும் வரவில்லை என்று உட்கார்ந்திருக்காமல் நீங்களே கேட்டு வாங்கி, கொடுத்ததற்கு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

லைசென்ஸை ஏன் தற்காலிகமாக ரத்து செய்யக்கூடாது என்று ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து நோட்டீஸ் வரலாம். 19-ஆம் பிரிவில் உங்கள் தரப்பைக் கேட்காமல் ரத்து செய்ய முடியாது. ஆனால் நீங்கள் பதில் போடாவிட்டால் கேட்க ஒன்றும் இருக்காது. குறித்த நாளில் சி.எஸ்.ஆர். ரசீது, இன்சூரன்ஸுக்கு எழுதிய கடிதம், போட்டோ மூன்றோடும் நேரில் போங்கள்.

இழப்பீட்டு வழக்கில் சம்மன் வந்தால் வாங்க மறுக்காதீர்கள். கதவைச் சாத்திக்கொண்டால் உங்கள் தரப்பு இல்லாமலே வழக்கு நடக்கும். சம்மனின் நகலை அன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, அசல் லைசென்ஸோடு வக்கீலைப் பாருங்கள். விபத்து நாளில் லைசென்ஸ் செல்லுபடியாகாமல் இருந்தால், கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு அந்தத் தொகையை உரிமையாளரிடம் வசூலிக்கும்படி தீர்ப்பு வரலாம். எனவே வக்கீலிடம் முதலில் காட்ட வேண்டியது லைசென்ஸின் காலாவதித் தேதியைத்தான்.